பியூக்கின் காதில் விழுந்த சத்தம்

திரையில் மறுபடியும் எண் ஏறியது. வெண்டெல் ஸ்ட்ரூபெல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. ஆனாலும் கார் தானாகவே துவண்டது. பக்கத்துத் தடத்தில் புட்ச்சின் பழைய பிக்கப் உறுமிக்கொண்டு முன்னால் போய்விட்டது.

பந்தயத் தடத்தின் கோடியில் புட்ச் காத்திருந்தான். "கறுப்பு வண்டி, மெதுவா வருது. பின்னால ஒரு மலர்வளையம் வச்சிட்டா சவ ஊர்வலமேதான்."

"கம்ப்யூட்டர் இழுத்துப் பிடிக்குதுப்பா."

"போன வாரமும் அதுதான் பிடிச்சுது."

வெண்டெலுடையது எண்பத்தேழாம் வருடத்து டர்போ பியூக். அந்தக் காருக்குக் காது உண்டு. என்ஜினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால் டக் டக்கென்று தட்டும். ஒரு சென்சார் அதை ஒட்டுக்கேட்டுக் கணினியிடம் போட்டுக்கொடுக்கும். கணினி பயந்துபோய் வேகத்தைக் குறைத்துவிடும். எங்கேயாவது இரும்பு இரும்பில் இடித்தாலும் அந்தக் காது ஏமாறும். அவர்கள் ஊரான முன்சி வட்டாரத்தில் இந்தக் கார் வைத்திருப்பவர்கள் சாலையைவிடத் தட்டலைக் காட்டும் சின்னத் திரையைத்தான் அதிகம் பார்த்து ஓட்டுவார்கள்.

புட்ச்சை ஒரே ஒரு தடவை ஜெயித்ததும் காரை விற்றுவிட்டு, மனைவி ஜோலீன் பல வருடமாகக் கேட்கும் புதுச் சமையலறையைக் கட்டிக்கொடுத்துவிடுவது என்று வெண்டெல் வசந்தத்திலேயே முடிவெடுத்திருந்தான். அவளிடம் சொல்லவில்லை. ஜெயித்த கையோடு சொன்னால்தான் அதற்கு ஒரு கெத்து இருக்கும் என்று நினைத்தான்.

"இன்னிக்கும் தோத்துட்டியா?" என்றாள் ஜோலீன், தட்டில் உருளைக்கிழங்கை வைத்தபடி.

"தட்டுது. பெட்ரோல் சரியில்லேன்னு தோணுது."

"வித்துடேன். நிம்மதியா இருக்கலாம்."

"இந்த நிலைமையிலயா?" என்றான் அவன்.

பந்தயப் பெட்ரோல் வாங்கி ஊற்றினான். தட்டியது. என்ஜினைக் குளிர்விக்க ஆல்கஹால் தெளிக்கும் கருவியை மாட்டினான். தட்டியது; போதாததற்கு வீடெங்கும் சாராயக்கடை வாசனை. தேவாலயத்திலிருந்து நன்கொடை கேட்டு வந்த பெண்மணி, ஜோலீனின் கையைப் பிடித்து, "பேசணும்னு தோணினா கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தட்டலைக் குறைக்க முடியாவிட்டால், தட்டினாலும் ஜெயிக்கிற அளவுக்கு பலத்தைக் கூட்டிவிடலாம் என்று அடுத்து ஒரு யோசனை வந்தது. என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைப் பெரியதாக வாங்கினான். அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று, அதைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களும் பெரியதாக. அந்த பலத்தைத் தாங்க மாட்டாமல் கியர்பாக்ஸ் கழன்றது. அதையும் மாற்றினான்.

ஒவ்வொரு தடவையும் புகைக்குழாயைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அந்த வேலை மட்டும் எதிர்வீட்டு ஆர்லோவுடையது. ஆர்லோவிடம் காரைத் தூக்கும் லிஃப்டும் வெல்டிங்கும் இழுவை வண்டியும் இருந்தன.

"இரும்பு ஏதாவது இடிக்குதான்னு பார்த்தியா?" என்று புட்ச்கூட ஒருநாள் மனமிரங்கிக் கேட்டான்.

பார்த்தான். ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிப் பார்த்தான். குழாயைத் தொடவில்லை. பதினைந்து வருட நண்பன் ஆர்லோ முடுக்கிய போல்ட்டில் ஸ்பானரை வைப்பது, அவன் சமைத்த சாப்பாட்டை மோந்து பார்ப்பது மாதிரி.

"நீ என்ன நினைக்கறே ஆர்லோ?" என்று கேட்டான்.

ஆர்லோ காரின் அடியிலிருந்து வெளியே வராமலே, "வித்துடேன்" என்றான்.

கடைசியில் என்ஜினைப் பிரித்தான். பிரித்ததுதான் பிரித்தோம் என்று அதன் மூடிகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, சூட்டில் இறுகட்டும் என்று ஜோலீனின் ஓவனில் வைத்தான். ஞாயிறன்று அவளுடைய தங்கை குடும்பம் சாப்பிட வந்தது. அதே ஓவனில் வெந்த கோழியை ஒரு வாய் தின்றதும் எல்லோரும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"வெண்டெல், ஓவன்ல என்ன வச்சே?" ஜோலீனின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கழுவித்தான் வச்சேன்."

தங்கை ஊருக்குக் கிளம்பியபோது அவள் காரில் ஜோலீனின் இரண்டு பெட்டிகளும் ஏறின. வெண்டெல் வாசல்வரை வந்தான்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் ஜோலீன். எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காகவா?" அவள் கார்க் கதவைத் திறந்தாள். "அந்த ஓவனையும் நீயே வச்சுக்க."

அக்டோபரின் கடைசிப் பந்தயத்தன்று என்ஜின் மறுபடி காரில் இருந்தது. சோதனை ஓட்டத்தில் தட்டியது. வெண்டெல் காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, சென்சாரின் ஒயரைப் பிடுங்கிப்போட்டான். காது போனது. திரையில் பூஜ்யம் வந்தது. ஆறு மாதத்தில் அவன் பார்த்த மிக அழகான எண் அது.

பச்சை விளக்கு எரிந்ததும் கார் அவனை இருக்கையோடு அறைந்தது. பாதித் தடத்திலேயே புட்ச்சின் பிக்கப் கண்ணாடியில் சின்னதாகிவிட்டது. முக்கால் தூரத்தில் என்ஜின் நிஜமாகவே தட்டத் தொடங்கியது. சொல்ல ஆளில்லை. கோட்டைத் தாண்டும்போது பிஸ்டன் கம்பி ஒன்று என்ஜினின் விலாவைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

வெள்ளைப் புகைக்கு நடுவே புட்ச் வந்து கையை நீட்டினான். "ஜெயிச்சிட்டேப்பா. இப்ப நிஜமாவே மலர்வளையம் வேணும்."

ஆர்லோ தன் இழுவை வண்டியில் காரை ஏற்றிச் சங்கிலி மாட்டினான். பாதி வழி போயிருப்பார்கள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றான் வெண்டெல். "ஒரு தடவை ஜெயிச்சதும் இதை வித்து, அவளுக்குச் சமையலறை கட்டணும்னு இருந்தேன். வசந்தத்துலயே முடிவு பண்ணினது. இனிமே இதை இரும்பு விலைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான்."

ஆர்லோ வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"வசந்தத்துல ஜோலீன் என்கிட்ட வந்தா," என்றான். "புகைக்குழாய்ல ஒரு போல்ட்டை முடுக்காம விடு, அது இடிக்கட்டும், கார் மெதுவா ஓடினா அவனே வெறுத்துப்போய் வித்துடுவான்னு சொன்னா."