கண்ணடித்த அரைப்புள்ளி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். நலமில்லாதது என் மானம் ஒன்றுதான். அதற்குக் காரணமான தங்கள் நலமறிய ஆவல்.

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், "ஃபோன்ல ஒரு குரூப் ஆரம்பிச்சு புரோகிராமிங் நடத்துங்க மாப்பிள்ளை, பசங்க அதுலதானே குடியிருக்காங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நீங்கள் கை கழுவப் போய்விட்டீர்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைக் கல்லூரி முதல்வரிடம் சொன்னேன். கணினிக் கூடத்தில் இருக்கும் இருபது கணினிகளில் ஏழுதான் உயிரோடு இருக்கின்றன, மீதியைச் சரிசெய்து கொடுங்கள் என்று மூன்று வருடமாக நான் நச்சரித்துக்கொண்டிருந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கே, கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றவர், அன்றே அறுபத்திரண்டு மாணவர்களைக் குழுவில் சேர்க்கவைத்துத் தானும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் வாரம் முழுக்கக் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான். நிரல் எழுதி அனுப்புங்கள் என்றேன். ஒருவன் திரையைப் படமெடுத்து அனுப்பினான். அதில் நிரலைவிட அவன் கட்டைவிரல் தெளிவாக இருந்தது. நாற்பது பேர் கைதட்டினார்கள். சரியென்று நானே ஒன்றை எழுதி அனுப்பினால், பெருக்கலுக்குப் போட்ட நட்சத்திரக் குறிகளை ஃபோன் தின்றுவிட்டு எழுத்தைத் தடிமனாக்கிக் காட்டியது. அதைப் பார்த்து எழுதியவர்களிடமிருந்து "சார், ஓடல" என்று அறுபத்திரண்டு செய்திகள். முதல்வர் மட்டும், "உயிரோட்டமான வகுப்பு" என்று பாராட்டினார்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், "சார், நிக்காம ஓடுற லூப் எப்படி எழுதணும்?" என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தாள். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் அந்த லூப்புக்கு, for என்று போட்டு அடைப்புக்குறிக்குள் இரண்டு அரைப்புள்ளி, அவ்வளவுதான் விடை. அனுப்பினேன். அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஒட்டி நின்றதைப் பார்த்த ஃபோன், அதைக் கண்ணடிக்கும் முகமாக மாற்றி அவளுக்குக் கொண்டு சேர்த்தது. மறுநாள் தையல்கடைக்காரரான அவள் அப்பா, கழுத்தில் அளவு நாடாவோடு முதல்வர் அறைக்கு வந்து நின்றார்.

"எம் பொண்ணுக்கு எதுக்குக் கண்ணடிச்சீங்க?"

"நான் அடிக்கலைங்க. அரைப்புள்ளி அடிச்சது."

முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். இருபத்தாறு வருடப் பெயர் ஒரு நொடியில் போய்விடுமே என்று, அங்கிருந்த பலகையில் அந்தக் குறிகளைச் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். தையல்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கே புரியுதே சார். இதை இப்படியே வகுப்புல எழுதிக் காட்டுனா என்ன?"

"அதெல்லாம் பழைய முறைங்க" என்று முதல்வர் அவருக்குத் தேநீர் சொன்னார்.

போதும் மச்சான். வேலையே போனாலும் சரி, நாளைக் காலை அந்தக் குழுவிலிருந்து வெளியேறுகிறேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தாங்கள் நீடூழி வாழ்க. யாருக்கும் யோசனை சொல்லாமல் வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் யோசனையைக் கேட்டுத் தொலைத்த
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது முதல்வர் கூப்பிட்டுவிட்டார். ஒரே மாதத்தில் ஒன்பதாயிரம் செய்திகள் பரிமாறிய சாதனைக்காக எனக்குச் சிறந்த ஆசிரியர் விருதாம். விழா நடத்த இடமில்லை என்று கணினிக் கூடத்தைக் காலி செய்கிறார்கள். சம்மதித்துவிட்டேன். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உங்கள் கறுப்புக் கோட்டை உடனே அனுப்பிவையுங்கள்.