கடல் குதிரை பார்த்த மாப்பிள்ளை

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் திடீரென்று ஒரு சாமியார் முளைத்தார். பெயர் அசுவசமுத்திரானந்தா. அவரிடம் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் உயிரோடு ஒரு கடல் குதிரை. அதற்கு வலப்பக்கம் ஒரு குச்சி, இடப்பக்கம் ஒரு குச்சி. எந்தக் குச்சியைக் குதிரை வாலால் பிடிக்கிறதோ, அதுவே கடலின் தீர்ப்பு. ஊரார் எதிர்காலமெல்லாம் தெரிந்த குதிரைக்கு, தன்மேல் வலை விழப்போவது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கமிருந்து வேன் வேனாகக் கூட்டம் வந்தது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர் ஒருவர்கூட வரிசையில் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வாரம் ஒரு குதிரை செத்தது. அதைச் சமாதி என்றார் சாமியார். காயவைத்துத் தாயத்தாக விற்றார். அருகிவரும் இனம், பிடிப்பதே குற்றம். பக்திக்குச் சட்டம் ஏது?

விவசாயி செந்தூர்பாண்டி மகள் இசக்கிச்செல்வியோடு வந்தார். அவளுக்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் லிங்கராஜைப் பிடித்திருந்தது. அப்பாவுக்கு அரிசி ஆலை முதலாளி மகாராஜாவை. வலது குச்சி லிங்கராஜ், இடது குச்சி மகாராஜா என்று முடிவாயிற்று. மகாராஜா முந்தின நாளே சாமியாரைத் தனியாகத் தரிசித்திருந்தார்.

சாமியார் கண்ணை மூடினார். வலப்பக்கம் குமிழிகள் கொப்பளித்தன. குதிரை தள்ளாடிப்போய் இடது குச்சியைப் பிடித்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இசக்கிச்செல்விக்கு அழுகை முட்டியது. தலை குனிந்தவள் மேசை விரிப்பின் இடுக்கு வழியே கீழே பார்த்தாள். சாமியாரின் கால் கட்டைவிரல் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் சுவிட்சின்மேல் இருந்தது.

இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். சாமியார் குதிரையை நடுவில் விட்டுக் கண்ணை மூடியதும், மோட்டார் பிளக்கைப் பிடுங்கினாள். மூலையில் கிடந்த, தரை கூட்டும் வாரியலிலிருந்து ஒரு குச்சியை உருவித் தொட்டி நடுவில் நிறுத்தினாள். கட்டைவிரல் நாட்டியமே ஆடியது. ஒரு குமிழிகூட வரவில்லை. குதிரை நிம்மதியாக வாரியல் குச்சியைச் சுற்றிக்கொண்டது.

“எப்பா, இப்ப நான் யாரைக் கட்டணும்? இந்த வாரியலையா?” என்றாள்.

வாரியலும் மகாலட்சுமிதான், அரிசி ஆலையைத்தான் அது குறிக்கிறது என்றார் சாமியார். இசக்கிச்செல்வி மேசை விரிப்பைத் தூக்கினாள். காலும் வயரும் எல்லோருக்கும் தரிசனம் தந்தன.

செந்தூர்பாண்டிக்கு வெட்கமாகப் போயிற்று. “அப்போ இது கெடச்சதைப் புடிக்குத பிராணியா?”

“ஆமாப்பா. பாவம், அதுக்கு நீந்தத் தெம்பு கெடையாது. தண்ணி தள்ளுத பக்கம் போவும்.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “லிங்கராஜை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு.”

யாரோ தகவல் சொல்ல, வனத்துறை ஜீப் வந்து சாமியாரை ஏற்றிக்கொண்டது. குதிரை கடலுக்குப் போயிற்று. ஊர் திரும்பிய வேனில் நாலு பேர், அந்த வாரியல் குச்சி விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார்களாம். ஐயாமாரே, தலை இருப்பது முடி வளர்க்க மட்டும் இல்லை. கொஞ்சம் யோசித்தும் பாருங்கள்.