கெஞ்சாத கிராணியின் லீவு மனு

கமுந்திங் பக்கத்துத் தோட்டம்,
14-6-1926

கோலா கங்சார் ரயில் நிலையத்தில் கௌரவமாக உத்தியோகம் பார்க்கும் மச்சான் பூபாலசிங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை பூமணியின் கணவன் கதிரவேலு எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆறு கோழிகளும் சுகம். அங்கு தாங்களும், புது மணப்பெண் புஷ்பராணியும், கோபித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட என் மனைவியும் சுகமாக இருக்க முருகன் துணை.

உங்கள் மகள் கலியாணத்துக்கு நான் வராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, ஆங்கிலம். லீவு மனுவில் ‘ஐ ரிக்குவெஸ்ட்’ என்று எழுதி மை காய வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வந்த, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் கார்த்திகேசு, துரைக்கு எழுதுவதென்றால் ‘ஐ பெக்’ என்றுதான் தொடங்க வேண்டும், மலாயாவில் கணக்கெழுதும் கிராணிமார் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். ரிக்குவெஸ்ட் என்றால் மரியாதையாகக் கேட்பது. பெக் என்றால் கெஞ்சுவது, கோயில் வாசலில் துண்டு விரித்தவன் செய்வது. பன்னிரண்டு வருடம் ஆபீசில் நாற்காலி தேய்த்தவன் துண்டு விரிப்பதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ, பெக் வெறும் சம்பிரதாயம், ரிக்குவெஸ்ட் என்றால்தான் துரைக்கு எதிரே நாமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தது போலிருக்கும் என்று விடாப்பிடியாக நின்றார். பெக் போட்டு ஒன்று, ரிக்குவெஸ்ட் போட்டு ஒன்று, இரண்டையும் சேர்த்து ‘ஐ பெக் டு ரிக்குவெஸ்ட்’ என்று ஒன்று, இப்படிப் பதினோரு மனு எழுதிக் கிழித்ததில் மூன்று நாள் போய்விட்டது. பூமணி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தனியாக ரயில் ஏறிவிட்டாள்.

கலியாணத்துக்கு முதல் நாள், பெக் இல்லாத மனுவோடு காலைப் பெரட்டுக்குப் போனேன். ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருந்த துரையின் முன்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காளியம்மா வந்து நின்றாள்.

“தொரே, எம் மவளுக்குக் காது குத்து. ரெண்டு நாளு லீவு வேணும்.”

துரை நம் தமிழிலேயே, “சரி, போயிட்டு வா,” என்றார். அவ்வளவுதான். ஆனால் ஒரு கிராணி துரையிடம் தமிழில் வாய் திறந்தால் கௌரவம் என்னாவது? மனுவை முறைப்படி ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். துரை பெரட்டிலிருந்து அப்படியே மோட்டாரில் ஏறி ஈப்போவுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் உங்கள் வீட்டில் பந்தலையே பிரித்தாகிவிட்டது. மனுவைப் படித்துவிட்டு, “ஏன் கிராணி, வாயில சொல்லக்கூடாதா?” என்று கேட்டார். நான் அதற்கும் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பூமணி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: “லீவு கேக்கத் தெரியாத மனிசனுக்கு நான் சமைச்சுப் போடேலாது.” மச்சான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை; அது நானே வடித்த சோறு என்பதும் ஒரு காரணம். துரைக்கு எழுத மாட்டேன் என்ற சொல்லை உங்களுக்கு எழுதுகிறேன். ஐ பெக். அவளை அனுப்பி வையுங்கள்.

மணமக்கள் மனமொத்து வாழ, பந்தலில் சொல்லத் தவறிய வாழ்த்தைத் தபாலில் சொல்லும்,
கதிரவேலு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பூமணி வந்து இறங்கிவிட்டாள். கோழிகளைப் பார்க்கத்தான் வந்தாளாம். ஆகவே மேலே ‘பெக்’ என்றிருப்பதைத் தயவுசெய்து ‘ரிக்குவெஸ்ட்’ என்று வாசித்துக்கொள்ளவும்.

மறுபடியும் பி.கு.: கடிதத்தைப் பூமணி படித்துவிட்டாள். பெக் அப்படியே இருக்கட்டுமாம்.