மில்லடி

கண்ணால் காணாத ஒரு காற்றாலைக்காகப் பிரெஞ்சு அதிகாரி ஒருவரை ஊரறிய அழவைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். பாரிசில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் அவரை மில்காரர் என்போம். அவரிடம் மில் எதுவும் இருக்கவில்லை. ரெஸ்ரோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

பட்டப்பெயர் வந்த கதை இது. பாரிசுக்கு வந்த புதிதில், ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றின் பெயர்ப்பலகையில் ‘மூலன்’ என்றிருந்ததைப் பார்த்து, யாரிடமோ அர்த்தம் கேட்டிருக்கிறார். ‘மில்’ என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் ஊரில் மில் என்றால் மிளகாய்த்தூள் அரைக்கும் இடம். மனிதர் அடுத்த லீவு நாளே அறையில் செத்தல் மிளகாய் வறுத்தார். மேல்மாடிக்காரர்கள் இருமியபடி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டது தனிக்கதை. வறுத்ததை உரப்பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு சந்து முழுக்க மில்லைத் தேடினார்.

நாயோடு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர்தான் விளக்கினாராம். லாச்சப்பல் கோதுமை வயல்களோடு தனிக் கிராமமாக இருந்த காலத்தில் அங்கே ஒரு காற்றாலை மாவரைத்தது. ரயில்பாதை வந்தது, வயல் போனது, ஆலையையும் இடித்துவிட்டார்கள். அது சரியாக எங்கே நின்றது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

வேறு யாராக இருந்தாலும் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு ஊரின்ரை மில் எங்கை நிண்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். பிறகென்ன ஊர்?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நானா இடித்தேன்?

அன்றிலிருந்து காற்றுத்தான் அவருடைய சாட்சி. காற்று பலமாக அடிக்கிற இடத்தில்தான் ஆலை நின்றிருக்கும் என்பது அவர் கணக்கு. சந்து முடியும் மூலையில் யாருடைய குடையாவது பறந்தால் அவருக்குத் திருவிழா. லாச்சப்பல் பிள்ளையார் கோயில் தேரன்று அதே மூலையில் ஐயரின் சால்வையைக் காற்று இழுத்துக்கொண்டு போனது. சனமெல்லாம் அரோகரா சொல்ல, இவர் மட்டும், “பாத்தியளே! இஞ்சைதான் மில் நிண்டது!” என்று கத்தினார்.

பிறகு அந்த மூலையில் சின்னப் பூங்கா ஒன்று வந்தது. பெயர் வைக்க நகரசபையார் பக்கத்து மண்டபத்தில் வட்டாரத்தாரைக் கூட்டினார்கள். ஆலையின் பெயரையே வைக்கவேண்டும் என்பது மில்காரரின் ஒரே ஆசை. யாரிடமோ கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துப்போனார்.

ஆதாரம் ஏதும் உண்டா என்று அதிகாரி அம்மையார் மரியாதையாகக் கேட்டார்.

“இருக்கெண்டு சொல்லு தம்பி. எல்லாரையும் வெளியிலை வரச் சொல்லு.”

வந்தார்கள். கோட்டுப் பைக்குள்ளிருந்து கடதாசியில் மடித்த சரை ஒன்றை எடுத்தார். கோதுமை மாவைத் தூவிக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். மில்காரரிடம் மா ஏது? மிளகாய்த்தூளை ஒரு கை அள்ளி மேலே எறிந்தார். காற்று தன் சாட்சியத்தைக் குறைவில்லாமல் சொன்னது. கூட்டம் முழுவதும் தும்மியது. அம்மையாருக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

“காத்து இருக்கோ எண்டு இப்ப கேள் தம்பி!” என்றார் மில்காரர், தானும் தும்மிக்கொண்டே.

பூங்காவுக்கு வேறு பெயர் வைத்தார்கள். மொழிபெயர்ப்புச் சரியில்லை என்று பழி என்மேல் விழுந்தது. மில்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயில் இருந்தால் கோயிலடி, ஆலமரம் இருந்தால் ஆலடி. அந்தத் தும்மலுக்குப் பிறகு அந்த மூலையைப் பகிடிக்கு மில்லடி என்று சொல்லத் தொடங்கினோம். பகிடி பழகி இடத்தின் பெயராகிவிட்டது. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளைகள்கூட, “மில்லடி” என்பதை மட்டும் தமிழில் சொல்கிறார்கள். பலகையில் உள்ள பெயர் எனக்கே மறந்துபோயிற்று.

மில்காரர் இப்போது லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வருத்தம், இனிப் பயணம் செய்ய ஏலாது. போன கிழமை போன் எடுத்தார்.

“எங்கை தம்பி நிக்கிறாய்?”

“மில்லடியிலை அண்ணை.”

பிறகு மெல்லக் கேட்டார். “காத்து இருக்கே?”

“ஓம் அண்ணை. தொப்பியைப் பிடிச்சுக்கொண்டெல்லே நிக்கிறன்.”

அன்று பூங்காவில் ஓர் இலைகூட அசையவில்லை. நான் தொப்பி போடுகிறவனும் அல்ல. ஆனால் அந்த மனிதர் கேட்டு நான் இல்லை என்று சொல்வேனா?