மெமரியில் துண்டு போட்டவர்

எழுந்து போன பிறகும் இடத்தை விடாதவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வரை சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகும்போதும் நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரையும் வாங்கிய பிறகு, டோக்கனை மட்டும் சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் பத்திரப்படுத்துவார்கள். எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கட்டுமே" என்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் காரணம் கேட்பது வீண்.

இந்த இனத்தின் உத்தமப் பிரதிநிதியைத் தரிசிக்க வேண்டும் என்றால் ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பஸ் அது. ஜன்னலோரம் கோதண்டராமன் உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் அவருடைய பை உட்கார்ந்திருக்கும். பிள்ளைப்பாக்கத்தில் ஏறும் பிரவீனா தினமும் அந்தப் பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வருவாள்.

"சார், இங்க யாராச்சும் வராங்களா?"

"மோகன் வருவாப்ல ம்மா."

மோகன் வேலையை விட்டு ஓசூருக்குப் போய் ஒரு யுகமாகிறது. அங்கே கல்யாணமும் செய்துகொண்டு, குழந்தைக்குக் காதும் குத்தியாகிவிட்டது. காதுகுத்துக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வந்தவர்தான் கோதண்டராமன். இருந்தாலும் சீட்டைப் பிடித்துக் கொடுப்பதாக ஒரு முறை வாக்குக் கொடுத்தாயிற்று; அதை ரத்து செய்யச் சொல்லி மோகனிடமிருந்து முறையான தகவல் எதுவும் வரவில்லை.

ஒரு பஸ் சீட்டோடு போயிருந்தால் அவரை நாம் மன்னித்திருக்கலாம். ஆனால் கோதண்டராமன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். லைனின் கடைசியில், ஒவ்வொரு பிரேக் பாகத்துக்குள்ளும் காற்றை அடைத்து, கசிகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை மெஷின் உண்டு. அந்த மெஷினின் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் அவர் பெற்ற பிள்ளை. கசிவைக் கண்டுபிடிக்கும் அந்தப் புரோகிராமே கசிந்துகொண்டிருந்தது என்பதுதான் இந்தக் கதை.

எப்படி என்கிறீர்களா? கம்ப்யூட்டருக்குள் மெமரி என்று ஓர் இடம் இருக்கிறது. அதை மேய்ப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். ஒரு புரோகிராமுக்கு இடம் வேண்டும் என்றால் அதனிடம் கேட்க வேண்டும். அது இடத்தை ஒதுக்கிவிட்டு, அடையாளமாக ஒரு டோக்கனைக் கையில் கொடுக்கும். இந்தத் தொழிலில் அதற்கு ஹேண்டில் என்று பெயர். டோக்கனைக் காட்டி உள்ளே போகலாம், எழுதலாம், படிக்கலாம். வேலை முடிந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்த இடம் வேறு யாருக்காவது ஆகும். ஆபரேட்டிங் சிஸ்டம் மிகவும் மரியாதை தெரிந்தது. டோக்கன் திரும்பி வராதவரை, "உள்ளே யாரோ வேலையாக இருக்கிறார்கள்" என்று நம்பிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டவே தட்டாது.

கோதண்டராமன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு புதிய டோக்கன் வாங்கினார். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. எண்ணிப் பாருங்கள்: பாகங்கள் வண்டி வண்டியாக வந்து போகின்றன, அவற்றின் ஆவிகள் மட்டும் ஆளுக்கொரு துண்டைப் போட்டுக்கொண்டு மெமரியில் உட்கார்ந்திருக்கின்றன. மத்தியானம் தாண்டியதும் உள்ளே உட்கார இடமிருக்காது. மெஷின் முக்கும், முனகும், அப்புறம் அப்படியே உறைந்துவிடும். லைன் நிற்கும்.

இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. ரீஸ்டார்ட். ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியதும் யாராவது ஒருவர் ஓடிப் போய்க் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். துண்டு போட்ட ஆவிகள் எல்லாம் ஒரே அடியில் காலி. இந்தச் சடங்கு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. ஆயுத பூஜையன்று எல்லா மெஷினையும் நிறுத்தி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கும்போதுகூட, இந்தக் கம்ப்யூட்டரை மட்டும் வேளை தவறாமல் ரீஸ்டார்ட் செய்தார்கள். ஓடாத மெஷினுக்கு எதற்கு ரீஸ்டார்ட் என்று யாரும் கேட்கவில்லை. சாமி காரியத்தில் கேள்வி கேட்கலாமா? புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியருக்கு முதலில் கற்றுத் தரப்படுவதும் அதுதான். அந்த வருஷம் அந்தப் பதவி பிரவீனாவுக்கு.

அவளுக்கு இந்த வேலை பர்மனென்ட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் அண்ணன் பகலவன் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில், ஆதார் கார்டை முன்னும் பின்னும் எடுத்துக் கொடுக்க நம்பகமான ஓர் ஆள் தேவைப்பட்டது. "இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு மெஷினாண்ட கீறதுதான முறை? இதுவும் மெஷின்தான்" என்றான். பிரவீனாவுக்கு அந்த ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் கனவில்கூட வந்தது.

அப்போதுதான் பாகங்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஓர் ஆடிட்டரை அனுப்பப் போவதாகச் செய்தி வந்தது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. காலை ஷிஃப்ட் தொடங்கி, ஷிஃப்ட் மாறி, அடுத்த ஷிஃப்ட் முடியும்வரை சோதனைப் பதிவு அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் ரீஸ்டார்ட் கூடாது. பிளான்ட் ஹெட் பிரவீனாவைக் கூப்பிட்டு, இதைச் சரிசெய்தால் ஆடிட் முடிந்த மறுநாளே பர்மனென்ட் என்றார். சரிசெய்யாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதற்குத்தான் அண்ணன் இருக்கிறானே.

அவள் புரோகிராமைத் திறந்து படித்தாள். டோக்கன் வாங்கிய வரிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. திருப்பிக் கொடுத்த வரியைத் தேடித் தேடிக் கண் பூத்துப் போனது. நேரே கோதண்டராமனிடம் போனாள்.

"சார், இவ்ளோ டோக்கன் வாங்கிக்கினு ஒண்ணுகூடத் திருப்பிக் குடுக்கலையே சார்?"

"இருக்கட்டுமே ம்மா. அது இன்னா சோறா கேக்குது?"

"இடம் ரொம்பி மெஷின் நின்னுடுது சார்."

"தோ பாரு. திருப்பிக் குடுத்துடற. நாளைக்கு மறுபடியும் போய்க் கேக்கற. குடுப்பாங்கன்னு இன்னா நிச்சயம்? கையில கீறத விடக்கூடாது ம்மா. ஓடினு கீறத நோண்டவும் கூடாது."

இதைக் கேட்டுப் பிரவீனா மனசுக்குள் சிரித்தாள். பஸ்ஸில் சீட்டு கிடைக்காத எரிச்சலும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தின் கசிவு அளவும் பதிவானவுடன் அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி எழுதிப் போட்டாள்.

மறுநாள் மெஷின் நிற்கவில்லை. அதற்குப் பதிலாகப் பைத்தியம் பிடித்துவிட்டது. நல்ல பாகத்துக்கு ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டியது. ஓட்டைப் பாகத்துக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டி மரியாதையாக அனுப்பி வைத்தது. அந்த மெஷினை இயக்கும் பாஞ்சாலி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், நேத்து வரைக்கும் தூங்கினு இருந்துச்சு. இன்னிக்கு உளறுது. அது தூங்கினதே தேவலாம்."

நடந்தது இதுதான். ஸ்டிக்கர் அச்சடிக்கும் பகுதி கொஞ்சம் நிதானமானது. அளவு பதிவாகி வெகு நேரம் கழித்து, பழைய டோக்கனோடு சாவகாசமாக வந்து அந்த இடத்தை எட்டிப் பார்க்கும். பிரவீனாவோ இடத்தைக் கொடுத்துவிட்டாள். அங்கே அதற்குள் வேறொரு பாகத்தின் அளவு குடியேறியிருந்தது. காலி செய்த வீட்டுக்குப் பழைய சாவியோடு போய், புதுக் குடித்தனக்காரர் சமைத்த சாம்பாரைத் தம்முடையது என்று ருசி பார்ப்பது போல, ஸ்டிக்கர் பகுதி யாருடைய அளவையோ எடுத்து யார் நெற்றியிலோ ஒட்டிக்கொண்டிருந்தது.

கோதண்டராமன் வந்து பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது.

"பாத்தியா ம்மா? நான் உட்டு வெச்சதுக்குக் காரணம் இல்லாமலா கீது?"

காரணம் எதுவும் இல்லைதான். ஆனால் தற்செயலாகச் சரியாக இருப்பவனுக்கு வரும் கம்பீரம், உழைத்துச் சரியாக இருப்பவனுக்கு என்றாவது வந்ததுண்டா?

பிரவீனா பழைய புரோகிராமை மறுபடி ஏற்றிவிட்டு, அவமானத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தெந்தப் பகுதி எந்த இடத்தைப் பார்க்கிறது, கடைசியாக எழுந்திருப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம், அதுவும் கடைசியாக எழுந்திருக்கும் அந்த ஸ்டிக்கர் பகுதியிடம் ஒப்படைத்தாள். கொடுத்த கையோடு டோக்கன் எண்ணை அழித்துவிட வேண்டும் என்று எழுதினாள். பிறகு அதைக் காட்டிக்கொண்டு யாரும் உள்ளே நுழைய முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம். வாங்கியதைக் கொடு, ஒரே ஒரு முறை கொடு, கொடுத்ததை மற. நம் பெரிய மனிதர்களுக்கு வராத இந்த மூன்றும் அந்த மெஷினுக்கு வந்துவிட்டன.

ஆடிட்டர் வந்த அன்று பிரவீனா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றாள். திரையின் மூலையில், மெமரியில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் மாடிப்படி போல ஏறும் கோடு அது. அன்று ஏரித் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது. மத்தியானம் ஆயிற்று, மட்டம். சாப்பாட்டு நேரம் போயிற்று, மட்டம். ஸ்டிக்கர்கள் ஒழுங்காக ஒட்டப்பட்டன. ஆடிட்டர் இரண்டாவது டீயைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிளான்ட் ஹெட் முதல் தடவையாகப் பிரவீனாவைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்து வைத்தார். கோதண்டராமன் ஒரு தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்று எதையும் தொடக் கூடாது என்று அவருக்குத் தனியாக உத்தரவு.

அப்போது ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியது.

பிரவீனா திரையைப் பார்த்தாள். கோடு மட்டமாகத்தான் இருந்தது. அவள் எழுதியது சரி. அது அவளுக்கே தெரியும். ஆனால் சங்கு நீளமாக ஊதுகிறது. ஆடிட்டர் அவளையே பார்க்கிறார். ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் கண் முன்னால் ஒரு முறை ஓடி மறைகிறது. ஒருவேளை ஏதாவது ஓர் இடத்தை விட்டிருந்தால்? இதோ இப்போதே நின்றுவிட்டால்? எதற்கும் ரீஸ்டார்ட்டை ஒரு தடவை தட்டிவிட்டால் நிம்மதியாக இருக்குமே என்று அவள் நினைத்தாளா, நினைப்பதற்குள் கை போய்விட்டதா என்பது அவளுக்கே தெரியாது.

திரை கறுப்பானது. பதிவு அறுந்தது.

"இன்னா மேடம்," என்றாள் பாஞ்சாலி மெதுவாக, "நல்லாத்தான ஓடினு இருந்துச்சு?"

ஆடிட்டர் குறிப்பு எழுதிக்கொண்டார். பிளான்ட் ஹெட் கூரையைப் பார்த்தார். பர்மனென்ட் வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம் என்று மட்டும் தகவல் வந்தது. பிரவீனா கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அழுதாள். கோதண்டராமன் ஒரு டீயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதில் துளிக்கூடக் குத்தல் இல்லை. நிஜமான பாசம் அது.

"உடு ம்மா. என் கையும்தான் பரபரன்னு இருந்துச்சு. நீ முந்திக்கின."

இப்போது அந்த மெஷினில் ஓடுவது பிரவீனாவின் புரோகிராம்தான். அது எத்தனை நாள் நிற்காமல் ஓடும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விட்டால்தானே? ஆடிட்டில் பட்ட அடிக்குப் பிறகு, ரீஸ்டார்ட் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. சங்கு ஊதியதும் பிரவீனாவே போய்த் தட்டிவிட்டு வருகிறாள்.

கோதண்டராமனுக்கு இடத்தை விட மனமில்லை. பிரவீனாவுக்குப் பயத்தை விட மனமில்லை. இனம் ஒன்றுதான். அந்தப் பெண்ணை நினைத்து நீங்கள் உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். ஆனால் வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பி வந்து மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், கொஞ்சம் பார்த்து இழுங்கள். பூட்டுகள் பெரும்பாலும் திருடன் கையால் கெடுவதில்லை.