அறுபது அத்திக் கன்றுகளும் ஒரு கத்தியும்

அன்று நர்சரியில் இருந்தவர்கள்: முதலாளியும் என் மனைவியின் அண்ணனுமான முருகேசன், அண்ணனின் பெருமையைப் பார்க்க வந்த என் மனைவி கலா, எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மெண்ட் ஒன்றின் செக்ரட்டரி மேடம், அவர் கூட்டி வந்த, வேளாண்மை படித்த ஒருவர், நான், அறுபது அத்திக் கன்றுகள். கன்றுகளை ஏன் சேர்த்தேன் என்றால், எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவை அவைதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். கவலைப்படுவதில் மட்டும் மேற்படிப்பு. (கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, வேலைக்காகப் பொம்மசந்திராவில் இறங்கிய கையோடு, வீடு இருக்கும் ஜோகுபாளையத்துக்குத் திரும்ப பஸ் ஏறியவன். அணைத்துத்தான் இருந்தது.) கம்பெனி வேலை போனதும் மச்சான்தான் சேர்த்துக்கொண்டார். அந்த அறுபது கன்றுகள் அவருடைய முதல் பெரிய ஆர்டர்.

"மாப்ள, இது நல்லபடியா போனா அவங்க தோட்ட வேலை மொத்தமும் நமக்குத்தான். கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கங்க."

பார்த்தேன். வினையே அதுதான்.

டெலிவரிக்கு ஒன்றரை மாதம் முன்பு, ஒரு கன்றின் அடித்தண்டில் மண்ணை ஒட்டி, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. முதலில் என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒட்டுக்கட்டும் கத்தியை எடுத்துக் கட்டியைச் சீவி எறிந்தேன். மச்சானிடம் சொல்லவில்லை. (திட்டுவாரே!) மற்ற கன்றுகளில் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தால்? அதே கத்தியால் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சைப் பசேல். கடைசிக் கன்றுக்கு வரும்போது கலா போன் செய்தாள். பேச்சில் அதை மறந்துவிட்டேன். சுரண்டிய தடம் மச்சான் கண்ணில் படாமலிருக்க மற்றவற்றின் அடித்தண்டுகளைச் சருகால் மூடினேன்; அதன்பின் பயத்தில் விலக்கிப் பார்க்கவே இல்லை. பிறகு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். கையை.

டெலிவரி நாளில் மேடம் முதல் பையைத் தூக்கிச் சருகை விலக்கினார். "ஏன்ரீ இது?" கன்னடம் முந்திக்கொண்டது. "என்னங்க, கட்டி கட்டியா இருக்கு?" அடுத்த பையிலும் கட்டி. அதற்கடுத்ததிலும்.

படித்தவர் குனிந்து பார்த்தார். "கழலை நோய். பாக்டீரியா, காயம் வழியாத்தான் உள்ள போகும். எல்லாத்தையும் யாரோ சீவியிருக்காங்க. கத்தியை ஸ்பிரிட்ல தொடச்சீங்களா?"

"கையை நல்லாக் கழுவினேன் சார்."

மச்சான் மெதுவாகத் திரும்பினார். "மாப்ள, எத்தன செடி?"

"அம்பத்தொம்பது."

ஓரத்தில் ஒரு கன்று மட்டும் வழவழவென்று நின்றது. மேடம் அதைக் காட்டினார். "இது எப்படித் தப்பிச்சுது?"

"அதுக்கு வர்றப்ப கலா போன் பண்ணிட்டா மேடம்."

"அண்ணா," என்றாள் கலா, "நான் அறுபது தடவ போன் பண்ணியிருக்கணும்."

ஐம்பத்தொன்பதையும் எரித்தோம். மேடம் வேறு நர்சரிக்குப் போய்விட்டார். என் வேலை போகவில்லை, கத்திதான் போனது. இன்றும் மகள் பிறந்தநாளில் நான் கேக் வெட்டக் கை நீட்டினால், "ஸ்பிரிட் எங்க மாப்ள?" என்கிறார் மச்சான்.

நஷ்டம் என் கணக்கில், கன்று ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய். மச்சான் நியாயஸ்தர், நான் தொடாத ஒன்றுக்குக் கழித்துவிட்டார். முதல் கன்றுக்கு நோய் தானாக வந்தது, அதையும் கழியுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா கழிச்சிருப்பேன்" என்கிறார்.

பாக்கி, எட்டாயிரத்து எண்ணூற்றைம்பது.