மனைவிக்கு நான் பார்த்த படிப்பு

என் மனைவி எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பதை நானே முடிவு செய்வது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். அவள் எங்கள் தெருக்கோடி நூலகத்தில் உதவியாளர். புத்தகம் அடுக்குவாள், முத்திரை குத்துவாள், கிழிந்ததை ஒட்டுவாள். தலைமை நூலகர் சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி இவளுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் நூலக அறிவியலில் பட்டம் வேண்டும். ஏதோ ஒரு பட்டம் போதாது, அங்கீகாரம் பெற்ற பட்டமாக இருக்க வேண்டும். இவளுக்கோ அந்த நாற்காலி மேல் உயிர்.

முந்தின நாள் ராத்திரிதான் கேட்டிருந்தாள். "ஏங்க, எந்தக் காலேஜ்ல சேரலாம்? நீங்களே ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன்."

என்னிடமா! கல்யாணமான நாளிலிருந்து ஜன்னல் திரைக்குக்கூட என்னிடம் கலர் கேட்காதவள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் தண்ணீர் மோட்டார் விற்பவன். சும்மா விலை கேட்க வந்தவர் தலையில் ரெண்டு மோட்டாரைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். பெண்டாட்டி தலையில் ஒரு படிப்பைக் கட்ட முடியாதா என்ன? மத்தியானத்துக்குள் போனில் தேடிப் பிடித்துவிட்டேன். ஆறே மாதம். வீட்டிலிருந்தே படிக்கலாம். வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது, பட்டத்துக்குத் தங்கக் கரை உண்டு. விளம்பரத்தில் ஒரு பெண் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கரண்டியுமாகச் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கரண்டிதான் என்னை வீழ்த்தியது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விவரத்தையெல்லாம் ஒப்பித்தேன். கரண்டியை மட்டும் சொல்லவில்லை.

"நல்லா இருக்கும் போலிருக்கே! அதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுங்க?"

"வீட்ல இருந்தே படிக்கலாம். உனக்கு அலைச்சல் மிச்சம்."

"எனக்கு மிச்சம். உங்களுக்கு?"

"நீ வீட்லயே இருப்பே."

"இருந்தா?"

"சாயங்காலம் நான் வந்ததும் டீ கிடைக்கும்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவள் முறைக்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

"டீ மட்டும்தானா, வேற ஏதாவது இருக்குங்களா?"

"நீ பெரிய படிப்பு படிச்சு, பெரிய நாற்காலியில உக்காந்துட்டா என்னை எங்க மதிப்பே?"

ஐயோ, இது எங்கிருந்து வந்தது? இப்படி ஒரு பயம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. கடையில் நாள் பூரா தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசித்தான் ஒரு ஆளைக் கவிழ்ப்பேன். இவள் பேசவே இல்லை, நாலு கேள்வி கேட்டாள். நான் குப்புறக் கவிழ்ந்து கிடந்தேன்.

சட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மதிப்பேங்க," என்றாள். கிண்டலே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உடனே போனை எடுத்தாள். "வாங்க, அந்தக் காலேஜையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை. அப்படியும் முதல் மணியிலேயே ஸ்பீக்கரில் ஒரு பையன் குரல் வந்தது.

"வாழ்த்துக்கள் மேடம், நீங்க சேந்துட்டீங்க!"

"இன்னும் இல்லைங்க. உங்க படிப்புக்கு யாரு அங்கீகாரம் குடுத்திருக்காங்க?"

"எங்க நிறுவனர் மேடம்."

"அவருக்கு யாரு குடுத்தாங்க?"

"அவரேதான் மேடம்."

"உங்ககிட்ட படிச்சவங்க யாராவது லைப்ரரியில வேலை பாக்கறாங்களா?"

"நானே இங்கதான் படிச்சேன் மேடம்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"போன் எடுக்கறேன் மேடம்." பிறகு குரல் இறங்கியது. "மேடம், நல்ல காலேஜ் ஏதாவது தெரிஞ்சா எனக்கும் சொல்றீங்களா?"

சொன்னாளே! அங்கீகாரம் இருக்கிறதா என்று காலேஜைக் கேட்காதே, கொடுக்கிறவர்களையே கேள். படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரி. எந்த நூலகத்தில் பயிற்சி கொடுப்பார்கள் என்று கேள். அந்தப் பையன் எதிர்முனையில் 'ம்... ம்...' என்று எழுதிக்கொண்டான். நான் திறந்த வாயை மூடவில்லை. நம் வீட்டு வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மூளையா இத்தனை நாள் நடமாடியது?

உணர்ச்சி பொங்கிவிட்டது. எழுந்து நின்றே அறிவித்தேன்.

"நீ அங்கீகாரம் உள்ள காலேஜ்லயே சேரு. ரெண்டு வருஷம் ஆனாலும் ஆகட்டும். டீ நானே போட்டுக்கறேன். உனக்கும் சேத்தே போடறேன்!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

"ரொம்ப சந்தோஷங்க. நான் சேந்து ரெண்டு மாசம் ஆச்சு."

உட்கார்ந்துவிட்டேன்.

"கிளாஸ்?"

"சனிக்கிழமை மத்தியானம். அன்னிக்கு உங்க கடை அரை நாள்தானே, நீங்க சாப்பிட்டுப் படுத்ததும் கிளம்புவேன். திரும்பி வந்து உங்களை எழுப்புவேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட காலேஜ் பாக்கச் சொன்னே?"

"வீட்டுப்பாடங்க. லைப்ரரிக்கு வர்றவங்க வாயில கேக்கறது ஒண்ணு, மனசுல தேடறது வேறொண்ணா இருக்கும். பக்குவமா கேள்வி கேட்டு அதை வெளிய கொண்டு வரணும். அதான் இந்த மாசப் பாடம். யாராவது ஒருத்தர்கிட்ட கேட்டுப் பழகிட்டு வாங்கன்னு எங்க புரொபசர் சொன்னாங்க."

கோபம் வர வேண்டிய இடம். வந்தால்தானே! பிரமிப்பில் மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பெரிய படிப்பில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

"அத்தனை பேர் இருக்க, என்னைப் போய்த் தேர்ந்தெடுத்தியே," என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே.

"தனக்கு என்ன வேணும்னு தனக்கே தெரியாத ஆளா பாத்துப் பிடிங்கன்னாங்க. மத்தவங்கல்லாம் இன்னும் ஊரெல்லாம் தேடிட்டு இருக்காங்க. நான் வாசப்படியைக்கூடத் தாண்டலைங்க."